சாம்பலில் இருப்பதும் சாம்பலிலிருந்து எடுப்பதும்

திருமங்கலத்துக்கு அருகே உலர் சாம்பல் கல் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய பட்டறைக்குத் தூத்துக்குடிப் பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து பல்கர் லாரியில் (மூடிய தொட்டி லாரி) நிலக்கரிச் சாம்பல் வருகிறது. சென்ற மாதம் அங்கே வந்த ஒருவர், துப்பாக்கி போன்ற ஒரு கருவியைச் சாம்பல் பையின் மேல் வைத்து அழுத்தி, திரையில் ஓடிய எண்களைக் காட்டி, "இதில் நியோடிமியம், டிஸ்புரோசியம் எல்லாம் இருக்கின்றன, பிரித்தெடுக்கும் அலகு ஒன்றை உங்கள் இடத்திலேயே நிறுவலாம், முதலில் நீங்கள் கொஞ்சம் பணம் போட வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். "ஐயா, இது உண்மையா? உண்மையென்றால் அரிட்டாபட்டி மலையைக் குடையாமலே நாட்டுக்கு வேண்டியதைச் சாம்பலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

தம்பி, சாம்பலில் அந்தத் தனிமங்கள் இருப்பது முழு உண்மை. அந்தக் கருவி காட்டிய எண்ணை நம்ப முடியாது. உங்கள் பட்டறையில் அவற்றைப் பிரித்தெடுப்பது நடக்கக்கூடிய காரியம் அன்று. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

முதலில் அரிட்டாபட்டியைப் பற்றி ஒரு சொல். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியையும் சேர்த்து நாயக்கர்பட்டித் தொகுதி என்று ஏலம் விடப்பட்டது டங்ஸ்டன் கனிமத்துக்காக. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்ட அந்தத் தொகுதியின் ஏலத்தை, ஊர் மக்கள் மேலூரிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்து வந்த சில நாள்களிலேயே, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ரத்து செய்தது. நியோடிமியமும் டிஸ்புரோசியமும் அருமண் தனிமங்கள் (rare earths); டங்ஸ்டன் ஓர் அருமண் தனிமம் அன்று. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் அருமண் தனிமங்களும் சேர்ந்தே இடம் பெற்றதால் செய்திகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனவே சாம்பலிலிருந்து நியோடிமியம் எடுத்தால் டங்ஸ்டன் தேவை குறையும் என்ற கணக்குச் செல்லாது. ஆனால் உங்கள் கேள்வியின் உட்கருத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே தோண்டி, உடைத்து, மாவாக அரைத்து, எரித்தும் முடித்த ஒரு பொருளில் வேண்டியது இருக்கும்போது புதிதாக ஒரு மலையை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். உலகில் பல ஆய்வகங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அருமண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுடீசியம் வரையுள்ள 15 லாந்தனைடுகளும், அவற்றோடு குணத்தில் ஒத்துப்போகும் ஸ்காண்டியமும் யட்ரியமும் சேர்ந்தவை. பெயரில் அருமை இருந்தாலும் அளவில் அவை அத்தனை அரியவை அல்ல. சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. அவை ஓரிடத்தில் திரண்டு கிடைப்பதுதான் அரிது, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது அதைவிட அரிது. தாவரங்கள் மட்கி நிலக்கரியான சதுப்பு நிலங்களில், ஆற்று நீர் கொண்டுவந்த களிமண்ணோடும், காற்றில் வந்து விழுந்த எரிமலைத் தூசியோடும், நிலத்தடி நீரில் கரைந்தும் இந்தத் தனிமங்கள் வந்து சேர்ந்தன. நிலக்கரிச் சாம்பலில் அரிய தனிமங்கள் சேர்ந்து கிடக்கின்றன என்பதைப் புவி வேதியியலாளர் விக்டர் கோல்ட்ஷ்மிட் 1930-களிலேயே கண்டு சொல்லிவிட்டார். எனவே அந்த மனிதர் உங்களிடம் சொன்ன செய்திக்கு வயது தொண்ணூறுக்கு மேல்.

இனி அளவைப் பார்ப்போம். உலகின் நிலக்கரிகளைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் ஒரு டன் நிலக்கரியில் அருமண் தனிமங்கள் சுமார் 70 கிராம் இருக்கும். எரித்த பிறகு கரி போய்விடுகிறது, இவை போவதில்லை. அதனால் ஒரு டன் சாம்பலில் அது 400 கிராம் அளவுக்குத் திரண்டுவிடுகிறது. இந்த 400 கிராமும் ஒரே விலை உள்ள பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. உலகச் சராசரிச் சாம்பலில் சீரியம் ஏறத்தாழ 130 கிராம், லாந்தனம் 70 கிராம். இவை இரண்டும் சந்தையில் வாங்குவாரின்றித் தேங்கிக் கிடப்பவை. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் சுமார் 67 கிராம், பிரசியோடிமியம் 20 கிராம், டிஸ்புரோசியம் 14 கிராம், டெர்பியம் வெறும் 2 கிராம். ஆக, "டன்னுக்கு 400 கிராம் அருமண்" என்று ஒருவர் சொல்லும்போது அதில் பாதி, விற்க முடியாத பாதி.

மின்சார வண்டியின் மோட்டாரில் இருக்கும் நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தில் எடைக்கு ஏறத்தாழ 30 சதவீதம் நியோடிமியமும் பிரசியோடிமியமும் இருக்கின்றன. ஒரு கிலோ காந்தத்துக்கு 300 கிராம் வேண்டும். சாம்பலில் உள்ளதில் பாதியை மீட்டுவிட்டோம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அந்த ஒரு கிலோவுக்கு ஏழு டன் சாம்பலைக் கரைத்தாக வேண்டும். உங்கள் முற்றத்தில் வந்து நிற்கும் பல்கர் லாரி ஒன்றின் முழுச் சுமையும் நான்கு கிலோ காந்தத்தோடு தீர்ந்துபோகும். இதே ஒரு கிலோ காந்தத்துக்கு, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்த மோனசைட் என்ற கனிமமாக இருந்தால் மூன்று நான்கு கிலோ போதும். அந்தக் கனிமத்தில் அருமண் ஆக்சைடு பாதிக்கு மேல் இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் 1909-இல் அதைக் கண்டது முதல் உலகம் அறிந்த செய்தி இது. 1950-இல் தொடங்கிய இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. மதுரையிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரத் தொலைவில் அப்படி ஒரு தாது இருக்கும்போது, நியோடிமியத்துக்காகச் சாம்பலைக் கரைப்பது பொருளியல் ஆகாது. மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறது என்பதும், கடற்கரை ஊர்களில் மணல் அள்ளுவதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்பதும் உண்மைதான். அதற்காக அறிவியல் கணக்கு மாறிவிடாது.

அப்படியானால் சாம்பலைப் பற்றி இத்தனை பேர் ஏன் பேசுகிறார்கள்? இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று, டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற, அணு எடை கூடிய கன அருமண் தனிமங்கள். மோனசைட் இலகு அருமண்களின் வீடு. லாந்தனம், சீரியம், நியோடிமியம் ஆகியவை அதில் குவிந்திருக்கின்றன, டிஸ்புரோசியம் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். நிலக்கரிச் சாம்பலில் மொத்த அளவு சிறியதென்றாலும் அதில் கால் பங்கு யட்ரியமும் கன அருமண்களும். காந்தம் 150 டிகிரி வெப்பத்திலும் தன் வலிமையை இழக்காமல் நிற்பதற்கு டிஸ்புரோசியமோ டெர்பியமோ சிறிதளவு சேர்த்தாக வேண்டும். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களின் பெயரைப் பாருங்கள்: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், யட்ரியம். நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டு வாகன உற்பத்தியாளர்கள் அந்த மாதங்களில் தவித்த தவிப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணல் தராத சிலவற்றைச் சாம்பல் தரக்கூடும் என்பதுதான் இதில் உள்ள உண்மையான கவர்ச்சி.

இரண்டாவது காரணம், அளவு. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ 3,500 டன் நிலக்கரியை விழுங்கும். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வரும் நிலக்கரியில் சாம்பலே 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். நாளொன்றுக்கு 1,400 டன் சாம்பல். உலகச் சராசரியை வைத்துக்கொண்டாலும் அதில் அரை டன்னுக்கு மேல் அருமண் இருக்கும். நாடு முழுவதும் 2021–22-இல் உண்டான நிலக்கரிச் சாம்பல் சுமார் 27 கோடி டன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் கொட்டிக் கிடக்கும் சாம்பலில் 1.1 கோடி டன் வரை அருமண் இருக்கலாம். அது அந்நாட்டின் அறியப்பட்ட அருமண் இருப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. இப்படிப்பட்ட எண்ணைக் கேட்டால் யாருக்கும் வாயூறும்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சாம்பல் அதிகமுள்ள நிலக்கரி அருமண்ணுக்கு நல்லது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. பத்து சதவீதம் மட்டுமே சாம்பல் விடும் நிலக்கரியை எரித்தால் அதிலுள்ள தனிமங்கள் பத்து மடங்கு திரள்கின்றன. நாற்பது சதவீதம் சாம்பல் விடும், தால்ச்சர் போன்ற கோண்டுவானாப் பாறையடுக்குகளின் நம் நிலக்கரியில் இரண்டரை மடங்குதான் திரளும்; மற்றதெல்லாம் சாதாரணக் களிமண்ணும் குவார்ட்ஸ் மணலும் கலந்து நீர்த்துப்போனது. மோரில் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறையும், வெண்ணெய் கூடாது. இடத்துக்கு இடம் வேறுபாடும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி நிலக்கரியில் டன்னுக்குச் சுமார் 250 கிராம் அருமண் இருப்பதாக 2025-இல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் தெரிவித்தார். உலகச் சராசரியைவிட அது மூன்று மடங்குக்கு மேல். ஒரு சுரங்கத்தின் எண்ணை வைத்து இன்னொரு சுரங்கத்தின் சாம்பலுக்கு விலை பேசக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனிதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு டன்னில் எத்தனை கிராம் என்ற கேள்வி, பாதிக் கேள்வி. அது எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே மறுபாதி. தென் சீனாவின் ஜியாங்சி மாகாணத்திலும் மியான்மரின் கச்சின் மலைகளிலும் கன அருமண் எடுக்கப்படும் களிமண்ணில் டன்னுக்கு 500 கிராமிலிருந்து ஒன்றிரண்டு கிலோ வரைதான் இருக்கிறது. கீழெல்லையில் பார்த்தால் அது சாம்பலைவிடப் பெரிதும் உயர்ந்ததன்று. உலகத்துக்கு டிஸ்புரோசியம் கொடுப்பது அந்த மண்தான். காரணம், அங்கே தனிமங்கள் களிமண் துகளின் மேற்பரப்பில் வெறும் அயனியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால், துணியில் படிந்த உப்புத் தண்ணீரில் இறங்குவதைப் போல இறங்கிவிடுகின்றன. (அப்படி ஊற்றியதில் அந்த மலைகளும் ஆறுகளும் என்ன ஆயின என்பது வேறு துயரக் கதை.)

சாம்பலில் நிலைமை வேறு. கொதிகலனுக்குள் 1,300 டிகிரிக்கு மேல் போன களிமண் உருகித் துளியாகி, புகையோடு பறந்து, நொடிகளில் குளிர்ந்து கண்ணாடியாக உறைகிறது. நீங்கள் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள். டால்கம் பவுடர் போல வழுக்கும். அந்த வழுக்கலுக்குக் காரணம் அது உருண்டை உருண்டையாக இருப்பதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தலைமுடியின் தடிமனைவிட மிகச் சிறிய கண்ணாடிக் கோலிகள் குவிந்து கிடக்கும். சிலது உள்ளே காலியாக இருந்து தண்ணீரில் மிதக்கும், சிலது இரும்புப் பூச்சோடு கறுத்திருந்து காந்தத்தில் ஒட்டும். அருமண் தனிமங்களில் பெரும்பகுதி இந்த அலுமினோசிலிக்கேட் கண்ணாடிக்குள் கரைந்தோ, அதற்குள் புதைந்த நுண்ணிய மோனசைட், செனோடைம், சிர்க்கான் கனிமத் துணுக்குகளாகவோ கிடக்கிறது. சிமென்ட்டோடு சேர்ந்து நூறாண்டு தாங்கும் கல்லுக்கு நல்ல குணமாக இருக்கும் அந்தக் கண்ணாடி, தனிமம் பிரிக்க முயலும் எங்களைப் போன்றவர்களுக்குப் பகை.

இதை நான் கையால் தொட்டு அறிந்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு மாணவிகள் இதே சாம்பலில் ஆய்வுத் திட்டம் எடுத்தார்கள். முதலில் நேரே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தோம். சுண்ணாம்பும் கொஞ்சம் இரும்பும் கரைந்தன, கண்ணாடி அசையவில்லை. பிறகு சாம்பலுக்குச் சம எடை சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து உலையில் வறுத்துக் கண்ணாடியை உடைத்தோம். இந்த முறை அமிலத்தில் எல்லாமே கரைந்தது. மகிழ்ச்சியோடு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் பீக்கரைச் சாய்த்தால் எதுவும் அசையவில்லை. கீழமாசி வீதி ஜிகர்தண்டாக் கடையில் பாத்திரம் நிறைய ஊறிக் கிடக்கும் பாதாம் பிசினைப் போல, அப்படியே கட்டிக் கூழாக உறைந்திருந்தது. கரைந்த சிலிக்கா ஜெல்லாக மாறிவிட்டது. வடிதாளில் ஊற்றினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. வேண்டிய தனிமம் அந்தக் கூழுக்குள் எங்கோ, லட்சத்தில் சில பங்காக. ஒரு பீக்கரில் இது வேடிக்கை. ஆயிரம் லிட்டர் தொட்டியில் இதுவே ஆலையை மூடும் காரணம்.

அந்தக் கூழைத் தவிர்க்கவும் வழிகள் உண்டு. வறுத்ததை முதலில் தண்ணீரில் கழுவிச் சோடியம் சிலிக்கேட்டை வெளியேற்றிவிட்டுப் பிறகு அமிலத்தில் போடலாம். அதன் பிறகும் கரைசலில் அலுமினியமும் இரும்பும் அருமண்ணைப் போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு இருக்கும். அமிலத்தன்மையைப் படிப்படியாகக் குறைத்து இரும்பை முதலில் வீழ்த்தி, அலுமினியத்தைப் பிறகு வீழ்த்தி, அல்லது ஆக்சாலிக் அமிலம் சேர்த்து அருமண்ணை மட்டும் ஆக்சலேட்டாகப் பிடித்து, ஒரு பொடியைக் கையில் எடுக்கலாம். அந்தப் பொடி பல அருமண் தனிமங்களின் கலவை. லாந்தனைடுகளின் அயனி ஆரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. வேதியியலில் அவை ஒரே முகச் சாயலுள்ள அண்ணன் தம்பிகள். ஒன்றைவிட மற்றொன்றைச் சற்றே கூடுதலாக விரும்பும் கரிமக் கரைப்பானோடு கலக்கிப் படிய விட்டு, மீண்டும் கலக்கிப் படிய விட்டு, நூற்றுக்கணக்கான கலக்கித் தொட்டிகளின் வரிசையில் நகர்த்தித்தான் நியோடிமியத்தைப் பிரசியோடிமியத்திலிருந்தும் டிஸ்புரோசியத்தை டெர்பியத்திலிருந்தும் பிரிக்கிறார்கள். அந்த வரிசை ஒரு சமநிலைக்கு வருவதற்கே வாரக் கணக்கில் ஆகும். உலகின் பிரிப்புத் திறனில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் இருப்பதற்கு அங்குள்ள மண் மட்டும் காரணமில்லை. இந்தத் தொட்டி வரிசைகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஓட்டிப் பழகிய கைகள்தான் பெரிய காரணம். உங்கள் இடத்தில் அலகு வைப்பதாகச் சொன்னவர் இந்தத் தொட்டிகளைப் பற்றி ஒரு சொல்லாவது பேசினாரா என்று நினைத்துப் பாருங்கள்.

மற்றொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஒரு டன் சாம்பலைக் கரைத்து அருமண் எடுத்த பிறகு மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு டன். ஈரமாக, சோடியமும் குளோரைடும் ஊறியதாக. அதை நன்கு கழுவாமல் கல்லாக அடித்தால், ஒரு மழைக்காலம் போவதற்குள் சுவரெங்கும் உப்புப் பூக்கும். உங்கள் பட்டறையின் பெயர் அதோடு போகும். கழுவிய தண்ணீரைத் திருமங்கலம் கண்மாய்க்கு விட முடியுமா? இப்போது நீங்கள் விலை கொடுத்து வாங்கும் நல்ல சாம்பல், அவருடைய அலகு வழியாகப் போய் வந்தால் யாரும் வாங்காத கழிவாகிவிடும். உலர் சாம்பலுக்கு இன்று சிமென்ட் ஆலைகளே போட்டி போடுகின்றன. போசலானா சிமென்ட்டில் 35 சதவீதம் வரை அதைச் சேர்க்க அனுமதி இருக்கிறது. நிச்சயமான அந்தப் பயனை நிச்சயமில்லாத ஒன்றுக்காகக் கெடுத்துக்கொள்ளும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

உலகில் இதில் முன்னேற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பல மின் நிலையங்களின் சாம்பலைச் சோதித்தபோது, அப்பலாச்சிய மலைப் பகுதி நிலக்கரியின் சாம்பலில் டன்னுக்குச் சராசரியாக 591 கிராமும், பவுடர் நதிப் படுகை நிலக்கரியின் சாம்பலில் 337 கிராமும் கிடைத்தன. ஆனால் அமிலத்தில் வெளியே வந்த பங்கு அப்பலாச்சியத்தில் சுமார் 30 சதவீதம், பவுடர் நதியில் 70 சதவீதம். பின்னதில் கால்சியம் அதிகம், கண்ணாடி இளகியது. குறைவாக இருந்தது கூடுதலாகக் கொடுத்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2022-இல், சாம்பலோடு கரித்தூள் கலந்து மின்சாரத்தைப் பாய்ச்சி ஒரு நொடியில் 3,000 டிகிரிக்குச் சூடேற்றிக் கண்ணாடியை நொறுக்கி, மிக நீர்த்த அமிலத்திலேயே தனிமங்களை இறக்கிக் காட்டினார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து 2018-இல் கண்டறியப்பட்ட லான்மொடுலின் என்ற புரதம், இரும்பும் அலுமினியமும் நிறைந்த கரைசலிலும் லாந்தனைடுகளை மட்டும் தேடிப் பிடிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான். இவை எல்லாம் ஆய்வகத்திலிருந்து ஆலைக்குப் போகும் பாதையில் நிற்பவை.

நிலக்கரியைச் சார்ந்தவற்றில் சாம்பலைவிட எளிதான இரண்டு உண்டு. ஒன்று, கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீர். நிலக்கரியிலுள்ள பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகி, பாறையிலுள்ள அருமண்ணைத் தானே கரைத்துக் கொண்டுவருகிறது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பால் சீம்கீவிச் குழுவினர், அந்த நீரைச் சுண்ணாம்பிட்டுச் சுத்திகரிக்கும்போது படியும் சேற்றிலிருந்து அருமண்ணை எடுக்கிறார்கள். எப்படியும் செய்தே ஆக வேண்டிய சுத்திகரிப்பின் செலவில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் இதற்குப் பொருத்தமானவை மேகாலயாவும் அசாமின் மார்கெரிட்டா பக்கமும். அங்கே கந்தகம் அதிகம். தால்ச்சர் நிலக்கரியில் கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே இந்த வழி அதற்குப் பொருந்தாது.

மற்றொன்று பழுப்பு நிலக்கரி. அது முற்றாத நிலக்கரி; அதிலுள்ள மட்கிய பொருளின் அமிலத் தொகுதிகள் அருமண் அயனிகளை இலேசாகப் பற்றி வைத்திருக்கும், கிட்டத்தட்ட அந்தச் சீனக் களிமண்ணைப் போல. வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தார் எரிப்பதற்கு முன்பே பழுப்பு நிலக்கரியை நீர்த்த அமிலத்தில் கழுவி இவற்றை எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கழுவிய கரி பிறகு வழக்கம்போல உலைக்குப் போகலாம், சோடியம் குறைந்ததால் கொதிகலனுக்கும் நல்லது. தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர் யாராவது என்னிடம் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், நான் நெய்வேலியைத்தான் காட்டுவேன். அங்கே கரி உள்ளூரிலேயே வெட்டப்படுகிறது, சாம்பல் குறைவு, அந்தச் சாம்பலில் கால்சியம் அதிகம், சுரங்கத்தின் மேல்மண் களிமண்ணும் கையெட்டும் தூரத்தில். படுகைக்குப் படுகை, அடுக்குக்கு அடுக்கு அளந்து பார்ப்பதற்கு ஒடிசாவிலிருந்து கப்பல் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தத் துப்பாக்கிக் கருவிக்கு வருகிறேன். அது கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானி. எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் உமிழும் கதிரின் ஆற்றலை வைத்து அதை அடையாளம் காணும். இரும்புக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நன்றாக வேலை செய்யும். சாம்பலில் டிஸ்புரோசியம் தேடினால் ஏமாற்றும். ஏனென்றால் டிஸ்புரோசியம் உமிழும் முக்கியக் கதிரின் ஆற்றல் 6.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இரும்பினுடையது 6.4. சாம்பலில் இரும்பு சில சதவீதம், டிஸ்புரோசியம் அதில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கரையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்டுப் பதிவு செய்ததாகச் சொல்வதற்கு ஒப்பானது அந்தத் திரையில் ஓடிய எண். யட்ரியத்தை அது ஓரளவு சரியாகக் காட்டும். அதைத் தாண்டி நம்பக் கூடாது.

முறையான சோதனைக்கு, சாம்பலை லித்தியம் போரேட்டோடு உருக்கி முழுமையாகக் கரைத்து, ஐசிபி-எம்எஸ் என்ற, அணுக்களை நிறையால் பிரித்து அளக்கும் கருவியில் ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெறும் அமிலத்தில் கொதிக்க வைத்து அளந்தால் கண்ணாடிக்குள் இருப்பது கணக்கில் வராது. இரண்டு விதமாகவும் அளந்து, எத்தனை பங்கு கரைகிறது என்று பார்த்தால்தான் அந்தச் சாம்பலின் குணம் தெரியும். அடுத்த முறை அவர் வந்தால் ஒவ்வோர் அருமண் தனிமத்துக்கும் தனித்தனி எண்ணுள்ள அறிக்கையையும், ஒரு டன் சாம்பலுக்கு எவ்வளவு காரம், எவ்வளவு அமிலம், எவ்வளவு தண்ணீர், மிஞ்சும் சேறு எங்கே போகும் என்ற ஒரே ஒரு தாளையும் கேளுங்கள். கொடுத்தால் எனக்கு அனுப்புங்கள். கொடுக்காவிட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் சாம்பலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உங்களுக்கு இருந்தால், அது எனக்கும் இருக்கிறது. ஒரே லாரியின் மேலாக அள்ளியது உதவாது. பத்து நாள் வரும் ஒவ்வொரு பல்கரும் இறங்கும்போது, குழாயில் காற்று சீராக வந்த பிறகு, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒரு குவளை பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் கலந்து கூம்பாகக் குவித்து, மேலே தட்டி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மிஞ்சியதை மீண்டும் அப்படியே செய்து, அரைக் கிலோ ஆகும்வரை குறைத்து, ஈரம் படாத பையில் கட்டி, லாரி வந்த தேதிகளை எழுதி வையுங்கள். சாம்பல் குளத்திலிருந்து வந்த ஈரச் சாம்பலை அதில் சேர்க்க வேண்டாம். அது இஎஸ்பி-யில் (புகையிலிருந்து மின்புலத்தால் சாம்பலைப் பிடிக்கும் கருவி) பிடித்த உலர் சாம்பலோடு ஒத்த பொருள் அன்று. கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், வேலையாள்களையும் கட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் மதுரைக்கு வரும்போது பையைக் கொண்டுவந்தால் போதும்.